தாத்தாவின் தையல் இயந்திரமும் ஐந்து பிறப்புப் பத்திரங்களும்

என் அம்மாவின் அப்பா யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு 16 மாதங்கள் ஆயின. ஏறக்குறைய 6,800 ரிங்கிட் செலவாயிற்று. அதில் முதல் 11 மாதங்களும் பணத்தில் பெரும்பகுதியும் வீணாகவே போயின. ஒரே ஒரு கேள்வியை, கேட்க வேண்டிய ஆளிடம் முதலிலேயே கேட்டிருந்தால் எல்லாம் ஒரு பஸ் கட்டணத்தோடு முடிந்திருக்கும். தோட்டப்புறத்தில் வேர்விட்ட நம் குடும்பங்களில் யாராவது இதே வேலையில் இறங்கினால், நான் விழுந்த பள்ளத்தில் அவர்களும் விழக்கூடாது. அதற்காகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில். ஒரு காலத்தில் எந்தப் பக்கம் போனாலும் ரப்பர் மரங்கள் நின்ற ஊர். இன்று அந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும். தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் புழங்கியது ஒரே கதைதான். தாத்தா தையல்காரர். தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்த ஆள் அல்லர். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தவர். தையல் இயந்திரத்தைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். "நாம் கூலிக்கு வந்தவர்கள் இல்லை" என்பதைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சிங்கர் இயந்திரம் இன்றும் எங்கள் வீட்டில் சாமி மாடத்துக்கு அருகில் இருக்கிறது. ஆயுத பூசையன்று அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். தாத்தா இறந்தபோது அம்மாவுக்கு வயது 12. 2021ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்திருந்த என் அண்ணன் மகள், பள்ளியில் கொடுத்த வேலைக்காகப் பூட்டனின் ஊர் எது, எந்த வருடம் வந்தார் என்று கேட்டாள். வீட்டில் எட்டுப் பெரியவர்கள் இருந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. நான் தேடுகிறேன் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

சொந்தக் காசில் கப்பல் ஏறியவர் என்றால் பயணிகள் பட்டியலில் பெயர் இருக்கும் என்று நினைத்தேன். வெளிநாட்டுக் குடும்ப வரலாற்று இணையதளம் ஒன்றில் 640 ரிங்கிட் கொடுத்து ஓராண்டுச் சந்தா எடுத்தேன். கோடிக்கணக்கான கப்பல் பயணிகளின் பெயர்கள் உள்ளன என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்று மாதங்கள், இரவு வேலைகளை முடித்துவிட்டு உட்கார்ந்து, தாத்தாவின் பெயரை விதவிதமாக எழுதித் தேடினேன். அந்தப் பட்டியல்கள் பிரிட்டனின் துறைமுகங்களுக்கு வந்த, அங்கிருந்து புறப்பட்ட கப்பல்களுக்கு உரியவை என்பது அதன் பிறகுதான் புரிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த கப்பலின் மேல்தளப் பயணிக்கு அங்கே என்ன வேலை? அந்நியர் பதிவுச் சான்றிதழாவது இருக்குமா என்று பார்த்தேன். 1933இல் மலாயாவில் வந்த அந்நியர் சட்டத்தில் இந்தியர்கள் அந்நியர் அல்லர். பிரிட்டிஷ் குடிமக்கள் என்று கணக்கு. ஆகவே சீனக் குடும்பங்கள் தேடக்கூடிய அந்தச் சான்றிதழ் நமக்கு இல்லை. எந்தத் தளத்திலும் பணம் கட்டும் முன், அந்த ஆவணம் எந்தத் துறைமுகத்துக்கு, எந்த ஆண்டுகளுக்கு, எந்த வகைப் பயணிகளுக்கு உரியது என்று விளக்கப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். நான் படித்திருந்தால் 640 ரிங்கிட்டும் 90 இரவுகளும் மிஞ்சியிருக்கும்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. எங்களிடம் இருக்கும் தாத்தாவின் ஒரே படத்தின் பின்னால் ஓர் ஊர்ப் பெயரும் "திருச்சி ஜில்லா" என்பதும் பென்சிலால் எழுதியிருந்தன. தமிழ்நாட்டில் பூர்வீகம் தேடித் தருகிறோம் என்று சொன்ன ஒரு முகவரிடம் இரண்டு தவணையாக 4,200 ரிங்கிட் அனுப்பினேன். ஐந்து வாரத்தில் அழகான வம்சாவளி ஒன்று வந்தது. தாத்தாவின் பெயர், அவர் அப்பாவின் பெயர், "பரம்பரைத் தையல் தொழில்" என்ற குறிப்பு, கூடவே ஒரு பட்டாவின் படம். அதைச் சட்டமிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். சில நாள் கழித்து நிதானமாகப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. நான் எழுதி அனுப்பிய விவரங்கள்தான் அழகான எழுத்தில் எனக்கே திரும்பி வந்திருந்தன. புதிதாக இருந்தவை எதிலும் பதிவேட்டின் பெயர் இல்லை, பக்க எண் இல்லை. பட்டாவில் இருந்த ஊர் இன்றைய திருச்சி மாவட்டத்தில் அதே பெயரில் உள்ள வேறோர் ஊர். தாத்தா காலத்துத் திருச்சி ஜில்லா என்பது இன்றைய கரூரையும் பெரம்பலூரையும் உள்ளடக்கியது. அவை தனி மாவட்டமானது 1995இல்தான். தாத்தாவின் ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்றுகூட அந்த ஆள் பார்த்திருக்கவில்லை. தொலைபேசியை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பணத்தை விட, அம்மா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதுதான் என்னை வதைத்தது. யாரையாவது அமர்த்தத்தான் வேண்டும் என்றால் மூல ஆவணத்தின் பக்கத்தையே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது வந்த பிறகு பணம் கொடுங்கள். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு விவரத்தைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகத் தேடுகிறவர் அதைத் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்.

கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் இரண்டு முறை போனேன். முதல் முறை எந்தக் கோப்பு வேண்டும் என்ற பட்டியல் இல்லாமல் போனேன். ஒரு முழு நாள் போயிற்று. அங்குள்ள கோப்புகளின் தலைப்புகளை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாம். எண்களைக் குறித்துக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் அரசாங்கக் கடிதங்கள், மாவட்ட அலுவலக, தொழிலாளர் இலாகாக் கோப்புகள். அந்தக் காலம் எப்படி இருந்தது என்று அறிய அவை தங்கம். தனி மனிதர் ஒருவரை அவற்றில் பிடிப்பது அரிது.

வழி திறந்தது எதிர்பாராத இடத்தில். இயந்திரத்தின் பெல்ட் அறுந்துபோயிருந்தது. ஈப்போவில் பழைய தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் அடித்தட்டின் வலப்பக்கத்தில் பதித்திருந்த எண்ணைத் துடைத்துக் காட்டினார். ஒய் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கியது. அந்த வரிசை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் செய்யப்பட்டது. பழைய சிங்கர் வைத்திருப்பவர்கள் அந்த எண்ணைக் கொண்டு, எந்தக் காலத்துக்கு முன்னால் அது தங்கள் வீட்டுக்கு வந்திருக்க முடியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் எனக்குக் கிடைத்தது அதற்கும் மேல். மரப் பலகையைப் புரட்டியபோது அடியில், சூட்டுக்கோலால் எழுதியதுபோல, ஆங்கிலத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெயரும் ஒரு தோட்டத்தின் பெயரும் இருந்தன. தோட்டம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ளது. நாகப்பட்டினத்தில் தோளில் சுமந்து ஏற்றிய இயந்திரத்தில் பேராக் தோட்டத்துப் பெயர் எப்படி வரும்? வீடு திரும்பும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்த வாரக் கடைசியில் கூலிமில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மாவின் உடன்பிறப்புகளில் மூத்தவர், வயது 86. "அவருக்கு ஞாபகம் எல்லாம் போய்விட்டது, தொந்தரவு செய்யாதே" என்று வீட்டில் சொன்னதால் 11 மாதங்களாக நான் அவரிடம் போகவில்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் பெரியம்மா வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் பிறந்த லயத்து வீடு அங்கேதானே இருந்தது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பாப்பா."

"இத்தனை நாள் ஏன் பெரியம்மா சொல்லவில்லை?"

"நீ இப்போதுதானே கேட்கிறாய்? அம்மா யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நான்கு பெண்களைக் கட்டிக் கொடுக்க வேண்டும். தையல்காரர் மகள் என்றால் மாப்பிள்ளை வருவான், தோட்டத்தாள் மகள் என்றால் யோசிப்பான் என்று அவளுக்குப் பயம்."

பிறகு அலமாரியிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை எடுக்கச் சொன்னார். அதில் அவருடைய பிறப்புப் பத்திரம் இருந்தது. 1936. தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் தோட்டத் தொழிலாளி என்று எழுதியிருந்தது. முகவரி அந்தத் தோட்டம். அந்த ஒரு கட்டத்தை நான் 11 மாதங்களுக்கு முன்னால் பார்த்திருந்தால் கப்பல் பட்டியலும் இல்லை, முகவரும் இல்லை.

பேருந்தில் திரும்பும்போதுதான் அது தோன்றியது. ஒருவரின் சொந்த ஆவணம் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். ஆனால் அவருக்குப் பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலும் அந்த வருடத்தில் அவர் என்ன வேலை செய்தார், எங்கே குடியிருந்தார் என்று எழுதியிருக்கிறது. தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள்: நான்கு பெண்கள், ஓர் ஆண். மூவரின் பத்திரங்கள் உறவினர் வீடுகளில் கிடைத்தன. இரண்டுக்குத் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பித்துப் படி வாங்கினேன். ஐந்தையும் வரிசையாகச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். 1936இல் தோட்டத் தொழிலாளி. 1938இலும் அதே தொழில், அதே தோட்டம். 1941இல் டெய்லர், முகவரி சுங்கை சிப்புட் கடைவீதிக்குப் பின்னால் உள்ள சந்து. நான்காவது ஜப்பான்காரன் காலத்துப் பத்திரம். வருடம் 2604 என்று இருந்ததைப் பார்த்து முதலில் எழுத்துப்பிழை என்று நினைத்தேன். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானிய ஆண்டுக் கணக்கையும் எழுதினார்கள். 660ஐக் கழித்தால் 1944. அதில் தாத்தாவின் தொழில் பயிர் செய்பவர். முகவரி மறுபடியும் தோட்டம். துணியே கிடைக்காத காலத்தில் தையல்காரனுக்கு என்ன பிழைப்பு? மரவள்ளிக் கிழங்கு நடப் போய்விட்டார். கடைசிப் பத்திரம் அம்மாவுடையது. 1947, டெய்லர், பழைய சந்து. எங்கள் வீட்டுக் கதையில் ஒரு வரியாக இருந்த மனிதர், வேலை மாறி, வீடு மாறி, விழுந்து, எழுந்து, அந்த மேசையில் நடக்கத் தொடங்கியதுபோல் இருந்தது. நான் அன்று சாப்பிடவே இல்லை.

அவர் எப்போது வந்தார் என்பதற்கும் ஓரளவு எல்லை கிடைத்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரம் தொழிலாளர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1934இல் மறுபடியும் ஆள் எடுத்தார்கள். 1938இல் இந்திய அரசு அந்த அனுப்புதலையே நிறுத்திவிட்டது. பெரியம்மா பிறந்தது 1936இல், இந்த மண்ணில். ஆகவே 1934ஐ ஒட்டி வந்திருப்பார், அல்லது விலை வீழ்ச்சிக்கு முன்பே வந்து திரும்பி அனுப்பப்படாமல் தப்பியிருப்பார் என்பது என் கணிப்பு. கணிப்பைக் கணிப்பு என்றே குடும்பக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டியின் கதை எப்படி உண்மையாக மாறியது என்று பார்த்த பிறகு, உறுதியானதையும் உறுதியில்லாததையும் ஒரே மையில் எழுத எனக்குக் கை வரவில்லை.

தொழிலாளர்களின் பெயரும் வேலை நாளும் பதிந்த தோட்டத்தின் செக்ரோல் புத்தகம் கிடைத்தால் வந்த தேதியே தெரிந்துவிடும் என்று அலைந்தேன். அந்தத் தோட்டம் 1950களின் கடைசியில் துண்டு துண்டாக விற்கப்பட்டுவிட்டது. அந்தக் காலத்தில் எத்தனையோ தோட்டங்களுக்கு இந்தக் கதிதான். எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே தோட்டங்கள் இப்படிக் கைமாறித் தொழிலாளர்கள் தெருவுக்கு வருவதைப் பார்த்துத்தான். நிலம் துண்டானபோது புத்தகங்களும் போயின. உங்கள் தோட்டம் இன்னும் ஒரே நிறுவனத்திடம் இருந்தால், அலுவலகம் இடம் மாறுவதற்குள் போய்க் கேளுங்கள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. இதை எப்படிச் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை; நான் மிக மோசமாகச் செய்தேன். சந்தோஷத்தில், மேசையில் பத்திரங்களைப் பரப்பி வைத்து, "பாருங்கள், தாத்தா பால்மரம் வெட்டியிருக்கிறார்" என்றேன். அம்மாவின் முகம் மாறியது. எழுந்து அறைக்குள் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "என் அம்மா பொய் சொன்னாள் என்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தாத்தாவின் கௌரவத்தைத் தேடப் போய் அம்மாவின் கௌரவத்தை உடைத்துவிட்டேன் என்று தோன்றியது. கிடைத்ததை வீட்டுப் பெரியவர்களிடம் உடனே காட்டாதீர்கள். தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பொய் ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குங்கள். நான்கு பெண்களின் கல்யாணம் என்று பெரியம்மா சொன்னதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கிடையில் இறப்புப் பத்திரத்துக்காக மூன்று முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறை பதிவு இல்லை என்று வந்தது. நான் கொடுத்த எழுத்துக்கூட்டல்தான் காரணம். தாத்தாவின் பெயர் வேலாயுதம் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதிய கிராணி, அதாவது எழுத்தர், யார் என்பதைப் பொறுத்து அது வி எழுத்திலும் தொடங்கும், டபிள்யூவிலும் தொடங்கும், பியிலும் தொடங்கும். கடைசி எம் இருக்கும், இருக்காது. தகப்பனார் பெயர் முன்னால் வந்துவிடும். ஐந்து பிறப்புப் பத்திரங்களில் தாத்தாவின் பெயர் நான்கு விதமாக இருந்தது. அந்த நான்கையும் தனித்தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்தபோது மூன்றாம் முறை கிடைத்தது. 1959. வயது 52. தொழில் டெய்லர். தேடத் தொடங்கிய அன்றே இப்படி ஒரு தாள் எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, திருத்தாமல் சேருங்கள்.

பத்திரங்கள் எவ்வளவு சொன்னாலும், பால் வெட்டியவர் ஏன் தையலுக்கு வந்தார் என்று அவற்றில் இல்லை. அதைச் சொன்னவர் அந்தச் சந்தில் இன்னும் இருக்கும் ஒரு பாட்டி. வாசலில் நின்று, "பாட்டி, நான் தையல்காரர் பேத்தி" என்றேன். "நொண்டித் தையல்காரர் பேத்தியா? உள்ளே வா அம்மா" என்றார். தாத்தா நொண்டி என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மலைச்சரிவில் பால் வாளியோடு விழுந்து காலை முறித்துக்கொண்டாராம். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் கட்டிய கட்டு சரியாகக் கூடவில்லை. மரத்துக்கு மரம் நடக்க முடியாதவரைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். தோட்டத்துக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மனைவி வீட்டில் ஒரு மிஷின் வைத்திருந்தார். அந்த அம்மாதான் தாத்தாவைத் திண்ணையில் உட்கார வைத்துக் காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும் கற்றுக் கொடுத்து, பிறகு அந்த மிஷினையே மாதா மாதம் கொஞ்சம் பணம் என்று பேசிக் கொடுத்தாராம். ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது தங்கள் லயத்தில் 11 பேர் போனார்கள், ஒருவர்தான் திரும்பினார் என்றார் பாட்டி. "அந்தக் கால்தான் உன் தாத்தாவைக் காப்பாற்றியது. நொண்டியை எவன் கூட்டிப் போவான்?" 1948இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்த பிறகு தோட்டக் காவலுக்கு எடுத்த சிறப்புக் காவலர்களின் காக்கிக் கால்சட்டைகளை அளவு குறைத்துத் தைத்ததே அவருக்குப் பெரிய வருமானம் என்றும், மாரியம்மன் கோயில் தேரில் தொங்கவிடும் துணி அலங்காரமான தொம்பை தைக்க ஒரு காசு வாங்கமாட்டார் என்றும் சொன்னார். எங்களிடம் இருக்கும் ஒரே படம்கூட அந்த அவசரகாலத்தில் அடையாள அட்டைக்காக எடுத்ததுதான். 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படத்தோடு அட்டை கட்டாயமாக்கினார்கள். முகம் மட்டும் தெரியும் அந்தப் படத்தில் கால் எப்படித் தெரியும்?

பாட்டி சொன்னதில் எது அவர் கண்ணால் கண்டது, எது கேட்டது என்று பிரித்துக் கேட்டேன். காக்கித் துணியும் தொம்பையும் கண்டவை. கால் முறிந்ததும் கிராணி மனைவியும் அவர் அம்மா சொல்லக் கேட்டவை. ஆனால் பலகைக்கு அடியில் உள்ள பெயர் அவர் கேட்ட கதைக்குச் சாட்சியாக நிற்கிறது. வயதானவர்களிடம் போகும்போது வருடம் கேட்காதீர்கள், பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். ஒரு பொருளைக் கையில் கொண்டுபோங்கள். நான் இயந்திரத்தில் நூல் சுற்றும் பழைய பாபினை எடுத்துப் போனேன். பாட்டி அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இரண்டு மணி நேரம் பேசினார். அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்தேன். அன்றிரவே இரண்டு இடத்தில் படி எடுத்து வைத்தேன்.

அந்தப் பதிவை ஒரு மாலை சமையலறையில் ஒலிக்க விட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தொம்பை பற்றிய இடம் வந்தபோது கை நின்றது. "சிவப்பும் மஞ்சளும் மாற்றி மாற்றி வைத்துத் தைப்பார்" என்றார். "வெட்டி விழுந்த துணியில் எனக்குப் பாவாடை." மறுநாள் காலையில் அந்தப் பொய் வம்சாவளியைச் சட்டத்திலிருந்து அவரே கழற்றி என்னிடம் கொடுத்தார். அந்தப் பாட்டிக்கு இந்தத் தைப்பூசத்தோடு 92 வயது. வருகிற சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். தானும் வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். பாட்டிக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.